மேசையும் மொட்டைமாடியும்: ஒரு நாவலாசிரியரின் நாள் ஒழுங்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முழுநேரம் எழுதலாம் என்று காத்திருக்கும் பலரை எனக்குத் தெரியும். அப்படிக் காத்திருந்த ஒருவருக்கு முழுநேரமும் கிடைத்த பிறகு எழுத்து குறைந்துபோனது. அது எப்படி நடந்தது, எப்படிச் சரியானது, எது இன்னும் சரியாகவில்லை என்பதை அவருடைய சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

நாவலாசிரியர் திருச்சி உறையூரில் வசிக்கிறார். அரசுப் பள்ளித் தமிழாசிரியராக இருந்து, 2022 மே மாதம் 60 வயதில் ஓய்வு பெற்றார். அதற்கு முன்பே இரண்டு நாவல்களும் ஒரு சிறுகதைத் தொகுப்பும் வந்திருந்தன. மூன்றும் வேலையில் இருந்தபோது எழுதியவை. விடைத்தாள் கட்டு, தேர்வுப் பணி, சமையல், இரண்டு பிள்ளைகளின் படிப்பு எல்லாம் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் அடுப்படி மேடையிலேயே நோட்டை விரித்து எழுதியிருக்கிறார்.

நான் அவருடைய கைப்பிரதிகளைப் படித்துச் செம்மை செய்பவள். பத்து வருடப் பழக்கம். எல்லோரையும் போல நானும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

மூன்றாவது நாவல், உறையூர்ச் சுருட்டுத் தொழிலை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைக் கதை. வெள்ளைக்காரர் காலத்தில் திருச்சிச் சுருட்டு கடல் கடந்து விற்ற சரக்கு. அந்தத் தொழில் மெல்ல மெல்ல ஒடுங்கியதை ஒரு வீட்டுக்குள்ளிருந்து சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. மொத்தம் 24 அத்தியாயங்கள். கடைசிப் பகுதி 2005 நவம்பர் வெள்ளத்தில் முடியும். 2023 ஆகஸ்டுக்குள் பிரதியைக் கொடுத்தால் 2024 ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவரலாம் என்று பதிப்பாளர் சொல்லியிருந்தார்.

ஓய்வு பெற்ற அந்த ஆடியிலேயே மாடித்தோட்டமும் தொடங்கியது. தோட்டக்கலைத் துறை மானியத்தில் தந்த கிட் ஒன்று வாங்கினார். அதில் வந்த சில பைகள் ஒரு வருடத்தில் 58 ஆகிவிட்டன. செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பைகளை அவரே நிரப்பினார். கத்தரி, தக்காளி, வெண்டை, அவரை, புடலை, பாகல், நாலு வகைக் கீரை. வீட்டுக்குப் போகும் யாரும் கீரைக்கட்டு இல்லாமல் திரும்பியதில்லை.

2023 ஆகஸ்டில் என் கைக்கு வந்தது ஏழு அத்தியாயங்கள். அதிலும் நான்கு, ஓய்வு பெறுவதற்கு முன் எழுதியவை.

மூன்று வாரக் குறிப்பேடு

"நேரமே இல்லைம்மா" என்றார். நம்ப முடியவில்லை; ஆனால் அவர் பொய் சொல்பவரும் இல்லை. அதனால் பள்ளியில் பாடக்குறிப்பு எழுதுவது போல, ஒரு நாளில் என்னென்ன செய்தார் என்று மூன்று வாரம் எழுதி வைக்கச் சொன்னேன். எழுந்த நேரம், மேசைக்கு வந்த நேரம், எழுந்து போன காரணம், எழுதிய பக்கம். வேறெதுவும் வேண்டாம், வருத்தப்பட்டு எதையும் எழுத வேண்டாம் என்றும் சொன்னேன்.

2023 செப்டம்பரில் எழுதிய அந்த 40 பக்க நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. பெரும்பாலான நாட்கள் ஒரே மாதிரி. ஐந்தரைக்கு எழுந்து காபி குடித்துவிட்டு, 'தண்ணீர் ஊற்ற' என்று மாடி ஏறுகிறார். ஊற்றி முடிக்க முக்கால் மணி நேரம். ஆனால் இறங்கும்போது மணி எட்டைத் தாண்டிவிடுகிறது. ஒரு நாள் குறிப்பை அப்படியே தருகிறேன்: "செம்பருத்தியில் மாவுப்பூச்சி. பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் நனைத்து ஒவ்வொரு கணுவாகத் தேய்த்தேன். அணில் கடித்த தக்காளி மூன்று. பக்கத்து வீட்டம்மா கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று மருமகள் கதை. மணி 8.20." அதற்குப் பிறகு குளியல், டிபன், மதியச் சமையலுக்கு ஆயத்தம். மேசைக்கு வர பத்தரை. அந்த நேரத்துக்குத்தான் காஸ்காரர் வருகிறார், கூரியர் வருகிறது, பழைய மாணவிகள் போன் செய்கிறார்கள்.

சாப்பிட்டபின் 'கொஞ்சம் சாயலாம்' என்று படுத்தால் இரண்டு மணி நேரம். எழுந்ததும் தலை கனம். இரவு பதினொன்றரை வரை கைபேசியில் மாடித்தோட்ட வீடியோக்கள்.

21 நாளில் மேசைக்கு வந்தது 13 நாள். எழுதிய பக்கங்களை நாள்வாரியாகச் சிவப்பு மையில் குறித்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவற்றில் பெரும்பகுதி நான்கே நாட்களில் எழுதியவை. அந்த நான்கு நாளிலும் முந்தின இரவு மழை பெய்திருந்தது. பைகளில் ஈரம் இருந்ததால் மாடி ஏற வேண்டியிருக்கவில்லை. காபி டம்ளரோடு நேராக மேசைக்கு வந்திருக்கிறார்.

நோட்டை அவர் முன்னால் விரித்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "செடியைக் குத்தம் சொல்றியா?" என்று கேட்டார். இல்லை டீச்சர், வரிசையைச் சொல்கிறேன் என்றேன்.

முதல் முடிவும் அது தவறிய விதமும்

தோட்டத்துக்கு முன்பே எழுதிவிட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் நான் அவசரப்பட்டேன். அதிகாலை நான்கு மணிக்கு எழச் சொன்னேன். ஆங்கில நாவலாசிரியர் ஆன்டனி ட்ரொலப் அஞ்சல் துறையில் வேலை பார்த்தபடியே, காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் வீதம் எழுதினார் என்று அவரே தன்வரலாற்றில் சொல்லியிருக்கிறார். அதை உதாரணமாகக் காட்டியதும் நான்தான்.

டீச்சர் சொன்னதைச் செய்து பார்ப்பவர். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். ஒன்பது நாள் நான்கு மணிக்கு எழுந்தார். ஆனால் படுக்கும் நேரம் மாறவில்லை, அதே பதினொன்றரைதான். நான்கரை மணி நேரத் தூக்கம். ஐந்தாம் நாளிலிருந்து தலைவலி. எழுதிய பக்கங்களில் பாதியைக் கிழித்துப் போட்டார். விளக்கு வெளிச்சத்தில் வீட்டுக்காரர் தூக்கமும் கெட்டது. பத்தாம் நாள், "எனக்கு இது ஒத்து வரலை" என்று எனக்குச் செய்தி அனுப்பினார். அதன்பின் இரண்டு மாதம் நாவல் பக்கமே போகவில்லை. ஜனவரிப் புத்தகக் காட்சி கைநழுவியது.

இதில் தவறு என்னுடையது. எப்போது தூங்குகிறார் என்று நோட்டிலேயே இருந்தது. அதைப் பார்க்காமல் எழும் நேரத்தை மட்டும் மாற்றினேன். அந்த இரண்டு மாதம் அவர் பட்ட மனச்சோர்வை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

2024 கோடை

பொங்கல் கழிந்து மறுபடி பேசினோம். இந்த முறை சின்ன மாற்றம் மட்டும். வழக்கம்போல ஐந்தரைக்கே எழுவது, ஏழரை வரை மேசை, அதற்கப்புறம் மாடி. பிப்ரவரி, மார்ச்சில் இது நன்றாகவே நடந்தது. இரண்டு அத்தியாயங்கள் முடிந்தன.

ஏப்ரலில் சிக்கல் வந்தது. எழுத்துக்கும் தண்ணீருக்கும் ஒரே நேரம்தான் தோதானது. அந்த வருடம் ஏப்ரலிலேயே திருச்சியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. கத்திரி தொடங்கவே இல்லை, அதற்குள் அப்படி. ஏழரைக்கு மேல் தளம் சுடும். கறுப்புப் பைக்குள் மண் கொதிக்கும். வெயில் ஏறும் முன் தண்ணீர் குடிக்காத செடி பத்து மணிக்கெல்லாம் தலை தொங்கிவிடும்.

தக்காளிப் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்தன. தினமும் பெருக்கினால் முறத்தில் ஒரு கை மஞ்சள் பூ. "நான் எழுதப் போனதுல செடி வாடுது" என்றார் டீச்சர். நிஜத்தில் பூ உதிர்ந்ததற்குக் காரணம் வெப்பம். இரவிலும் சூடு தணியாத நாட்களில் தக்காளியின் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் பூ நிற்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் மொட்டைமாடித் தக்காளி அப்படித்தான். ஆனால் குற்ற உணர்ச்சி காரணத்தை விசாரித்துக்கொண்டு வராது. ஏப்ரல் மூன்றாம் வாரம் அவர் மறுபடி ஐந்தரைக்கே மாடி ஏறிவிட்டார்.

இந்தக் கட்டத்தில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. இதுவரை மாற்றச் சொன்னதெல்லாம் மனிதரை. தோட்டத்தை ஒரு முறைகூட மாற்றிப் பார்க்கவில்லை.

தோட்டத்தைக் குறைத்தது

மே முதல் வாரம் நானும் அவரும் அவர் வீட்டுக்காரரும் மாடியில் நின்று ஒவ்வொரு பையாகப் பார்த்தோம். 58 பையில் 24 மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவு. எதை விடுவது என்பதை டீச்சர்தான் தீர்மானித்தார். தக்காளி முழுவதும் போனது. கோடை தாங்கும் வெண்டை, கொத்தவரை, கத்தரி, தண்டுக்கீரை நின்றன. செம்பருத்தியும் கறிவேப்பிலையும் தொட்டியிலேயே இருக்கட்டும் என்றார். மிச்சப் பைகள் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் அவர் வேலை பார்த்த பள்ளிக்கும் போயின. அந்தச் சாயங்காலம் அவர் அதிகம் பேசவில்லை.

பந்தலுக்கு மேல் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டினோம். பைகளின் மேல்மண்ணில் காய்ந்த இலையும் பிய்த்த தேங்காய் மட்டையும் மூடாக்காகப் போட்டோம். அப்புறம் சொட்டுநீர். இதில் ஒரு பாடம் படித்தோம். மற்றவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

மேல்நிலைத் தொட்டி அதே மாடியில் ஓர் ஆள் உயரத் தூணின் மேல் இருந்தது. அங்கிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. முதலில் வாங்கிய பேட்டரி டைமர் சொலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு) வைத்தது. அது ஒழுங்காகத் திறந்து மூடக் குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். எங்கள் தொட்டிக்கு அது சரிப்படவில்லை; ஒரு நாள் மூடாமலே நின்று தொட்டி காலியாகிவிட்டது. பிறகு பந்து வால்வு வைத்த டைமர் வாங்கினோம். உள்ளே சிறிய மோட்டார் வால்வைத் திருப்புவதால் அழுத்தம் பற்றிய கவலை இல்லை. இரண்டாவது பிரச்சினை, குழாயின் கடைசியில் இருந்த பைகளுக்குத் தண்ணீர் குறைவாகப் போனது. ஒவ்வொரு சொட்டுவானுக்கும் கீழே ஒரு டம்ளரை வைத்துப் பத்து நிமிடத்தில் எவ்வளவு சேருகிறது என்று வீட்டுக்காரர் அளந்து எழுதினார். ஓய்வு பெற்ற கணக்கர் அவர். இதில் அவருக்கு இருந்த ஈடுபாட்டைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஒரே வரிசையை இரண்டாகப் பிரித்து, கடைசிப் பைகளில் சொட்டுவானை எடுத்துவிட்டு மெல்லிய குழாயை நேராகச் சொருகியதும் ஓரளவு சமமானது.

காலை ஐந்தரைக்கு டைமர் தானாகத் திறக்கும். அதே ஐந்தரைக்கு டீச்சர் மேசையில் இருப்பார். ஏழரைக்கு மாடி ஏறி முக்கால் மணி நேரம். சமையலறை அலாரத்தைக் கையோடு எடுத்துப் போவார். வேப்பெண்ணெய் தெளிப்பது போன்ற வேலை சாயங்காலத்துக்கு மாறியது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. எண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். அதை வெயிலில் அடித்தால் இலை கருகும், அதனால் எப்படியும் சாயங்காலம்தான் சரி.

காலைக் காபியையும் டிபனையும் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். முதல் நாள் இரவே மாவும் சட்னிக்கு வேண்டியதும் தயாராக இருக்கும். இது நடக்காமல் மற்ற எதுவும் நடந்திருக்காது. எழுதும் பெண்களின் நாள் ஒழுங்கைப் பேசும்போது இந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஓய்வு என்று எதைச் சொல்வது

தோட்டமே ஓய்வுதானே என்று நான் நினைத்திருந்தேன். அவரும் அப்படித்தான். குறிப்பேடு வேறு சொன்னது. பத்து லிட்டர் வாளியைத் தூக்கியதில் வலது தோள்பட்டை வலி. இரவு வீடியோ பார்த்ததில் மற்றவர் தோட்டத்தோடு ஒப்பிட்டு ஏக்கம். அவருக்குத் தோட்டம் இன்னொரு வேலையாகிவிட்டிருந்தது.

அதனால் சாயங்காலம் ஆறு முதல் ஏழு வரை மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கத்தரிக்கோல், தெளிப்பான், கைபேசி எதுவும் கூடாது. சும்மா உட்காருவது. அங்கிருந்து பார்த்தால் மலைக்கோட்டை உச்சியில் விளக்கு எரிவது தெரியும். முதல் வாரம் பத்து நிமிடம்கூட உட்கார முடியவில்லை, பழுத்த இலையைக் கிள்ளக் கை போகிறது என்றார். மதியத் தூக்கத்தை அரை மணியில் அலாரம் வைத்து நிறுத்தினார். இரவு பத்துக்குக் கைபேசி கூடத்து அலமாரிக்குப் போய்விடும். தலைவலி நின்றது ஜூன் கடைசியில்.

ஆடியில் புடலை விதைத்தார். செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் நான் போனபோது பந்தலில் பிஞ்சுகள் தொங்கின. புடலம்பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் நூலால் சின்னக் கல்லைக் கட்டிவிட்டால் காய் சுருளாமல் நேராக இறங்கும். டீச்சர் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது உள்ளங்கையில் பிஞ்சைத் தாங்கி, கூழாங்கல்லுக்கு இரண்டு சுற்றுச் சுற்றினார். இறுக்கினால் பிஞ்சு வெட்டுப்படும். தளர்த்தினால் கல் நழுவும். சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நூல் இன்னும் வாயில்தான் இருந்தது.

"அவ புகையிலைக் கட்டை எடுக்கலைம்மா. பூட்டைத்தான் எடுத்தா" என்றார்.

பத்தொன்பதாம் அத்தியாயம். வெள்ளம் வீட்டுக்குள் ஏறும்போது கிழவி எதைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறுகிறாள் என்பதில் மூன்று வாரமாக நின்றுபோயிருந்தார். மூடிக் கிடக்கும் சுருட்டுக் கிடங்கின் பூட்டு அது. மண் ஒட்டிய கையோடு கீழே வந்து, தினசரி நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி மேசையில் வைத்தார். உட்காரவில்லை. மறுபடி மாடிக்குப் போய் மிச்சப் பிஞ்சுகளுக்குக் கல் கட்டினார். மறுநாள் காலை அந்த அத்தியாயம் நகர்ந்தது.

இதே போல வேறு சில நாட்களும் நடந்ததாக, அவர் பிறகும் தொடர்ந்து எழுதிய குறிப்பேட்டில் இருக்கிறது. எல்லாமே காலையில் மேசையில் முட்டி மோதிய நாட்கள்தான். மேசைக்குப் போகாமல் மாடி ஏறிய ஒரு நாளில்கூட அப்படி ஒரு வரி வரவில்லை.

நடுவில் வந்த தடை

2024 அக்டோபர் கடைசியில் மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போனார். பத்து வாரம். எழுத்து முழுவதும் நின்றது. நான் எதுவும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் மட்டும் "இன்று இல்லை" என்று தினமும் ஒரு வரி எழுதியிருந்தார். மழைக்காலம் என்பதால் வீட்டுக்காரர் டைமரை நிறுத்திவிட்டு, பைகளின் வடிகால் துளை அடையாமல் பார்த்துக்கொண்டார். இரண்டு கத்தரி வேர் அழுகிப் போயின.

ஜனவரியில் திரும்பி வந்ததும் மேசைக்கு வர அவருக்குப் பயம். இந்த முறை நானே முதல் வாரம் தோட்டத்தில் மட்டும் இருங்கள் என்றேன். பழைய மண்ணைக் கொட்டி, வெயிலில் காயவைத்து, உரம் கலந்து பைகளை நிரப்பினார். இரண்டாவது வாரம், கடைசியாக எழுதிய பக்கத்தைப் புது நோட்டில் திரும்ப எழுதுவது மட்டும், இருபது நிமிடம். நான்காவது நாள் அந்தப் பக்கம் முடிந்தும் பேனா நிற்கவில்லை.

விளைவு

2025 ஆகஸ்டில் முதல் பிரதி முடிந்தது. அத்தியாயங்கள் 24 அல்ல, 22. இப்போது இரண்டாம் முறை திருத்திக்கொண்டிருக்கிறார்.

எழுத்து ஓடும் நாளில் எழுதும் அளவு பெரிதாகக் கூடவில்லை. முன்போலவே ஒன்றரை முதல் இரண்டு பக்கம்தான். கூடியது உட்காரும் நாட்கள். மூன்று வாரத்தில் 13 என்று இருந்தது 18 ஆனது. தோள்வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. தோட்டத்தில் காய் குறைவு. கீரை மட்டும் வாங்குவதில்லை.

இதெல்லாம் நாங்கள் செய்த மாற்றத்தால்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். முப்பது வருடப் பள்ளி மணியிலிருந்து விடுபட்ட மனசு நிலைக்கு வர எப்படியும் ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கலாம். பேரன் பிறந்த சந்தோஷமும் அதில் சேரும்.

இன்னொரு முறை செய்தால்

குறிப்பேட்டை ஓய்வு பெற்ற முதல் மாதமே தொடங்கச் சொல்வேன். அப்படிச் செய்யாததால்தான் ஒரு வருடம் வீணானது. எழும் நேரத்தைத் தொடும் முன் படுக்கும் நேரத்தைக் கேட்பேன். வேறு தேசத்தில், வேறு காலத்தில், சமையல் பொறுப்பு இல்லாத ஒருவர் வைத்திருந்த கணக்கைத் தூக்கி வந்து உறையூர் வீட்டு மேசையில் வைக்க மாட்டேன்.

பைகளைக் குறைப்பதை மே மாதக் கொதிப்பில் செய்தது தவறு. தை, மாசியிலேயே செய்திருந்தால் விடைபெறும் செடிகள் புது இடத்தில் பிழைத்திருக்கும். அக்கம்பக்கத்துக்குக் கொடுத்ததில் பாதி காய்ந்துவிட்டது. அதைக் கேட்டபோது டீச்சர் முகம் வாடியதைப் பார்த்தேன்.

வீட்டுக்காரரின் பங்கை நாங்கள் தொடக்கத்தில் சரியாகப் பேசவில்லை. அவர் மறுப்பு சொல்லாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டோம். ஒரு வருடம் கழித்து, வாரத்தில் ஒரு நாளாவது காலையில் தானும் சும்மா இருக்க வேண்டும் என்று அவராகவே சொன்னார். இப்போது ஞாயிற்றுக்கிழமை மேசை இல்லை. அன்று காபி டீச்சர் போடுகிறார். இரண்டு பேரும் டம்ளரோடு மாடிக்குப் போகிறார்கள்.